ஏழாவது உறுப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்தான். ஆனால் வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்தவும் இப்போது உரிமம் கேட்கிறார்கள், அந்த உரிமமோ போன தை மாதத்தோடு காலாவதியாகிவிட்டது. ஆகவே வெறுங்கையில் அடித்த சத்தியமாக வைத்துக்கொள்ளவும். பெயர்கள் மாற்றப்படவில்லை. எண்கள் மாற்றப்படவில்லை. ஓரிடத்தில் மழை கொட்டியதாக வரும். அன்று பெய்தது தூறல்தான். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

கோகுலநாதனுக்கு அப்போது எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பத்தூரில் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடியில் வீடு. அந்த அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வரிசையில் இருந்தவர்கள் நல்லவர்கள். அவர் நின்ற இடத்தில் அவருடைய பையை வைத்து, அவர் முறை போய்விடாமல் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். பை மதியத்துக்குள் துவரம்பருப்பு வாங்கிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“முப்பத்தெட்டு சார்,” என்றார் டாக்டர் நிவேதிதா. “உங்க ஹார்ட் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு தடவைதான் அடிக்குது. அதுவும் யோசிச்சு யோசிச்சு அடிக்குது. ஒரு பேஸ்மேக்கர் வெச்சுட்டா போதும். ஒரு மணி நேர வேலை. மூணாவது நாள் வீட்டுக்குப் போயிடலாம்.”

“வெக்கலைன்னா?”

“ரெண்டு மாசம். இழுத்தா மூணு.”

“வலிக்குமா?”

“எது, ஆபரேஷனா?”

“இல்ல. வெக்காம இருக்கிறது.”

டாக்டர் பேனாவை மூடினார். “வலிக்காது. ஒரு நாள் எழுந்திருக்க மாட்டீங்க. அவ்வளவுதான்.”

கோகுலநாதன் தலையாட்டினார். பயம் வரும் என்று சற்று நேரம் காத்துப் பார்த்தார், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது உள்ளே. தன்னுடையதுதான், ஆனால் கிள்ளினால் தெரியாது.

“ஒரு சந்தேகம் டாக்டர். பேஸ்மேக்கர்ங்கிறது உறுப்புல சேருமா, மருந்துல சேருமா?”

“இன்சூரன்ஸுக்காக் கேக்கறீங்க?”

“இல்ல. கம்ப்யூட்டருக்கு.”

டாக்டர் அவருடைய கோப்பில், மூளைக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கலாம் என்று எழுதிவைத்தார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குச் சிந்துஜாவின் விஷயம் தெரியாது.

சிந்துஜா கோகுலநாதனின் மனைவி. ஒரு புகார்ப் பிரிவில் முப்பது வருடம் ஃபோன் எடுத்தவள். கத்திக்கொண்டு ஃபோன் செய்தவர்கள் சிரித்துக்கொண்டு வைத்தார்கள். புகார் அப்படியே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பக்கம் என்று பெயர்தான், இரண்டு பக்கமும் போய்விட்டது. கண் மட்டும் அசையும். தானாகத் திருப்பிப் போட்டு, துடைத்து, குழாய் வழியே கஞ்சி கொடுக்கிற பராமரிப்புக் கட்டில் ஒன்றை வீட்டில் போட்டார்கள். மூளையின் சிக்னலைப் படித்துப் பேசுகிற ஒரு பெட்டியையும் ஆஸ்பத்திரிக்காரர்களே கொடுத்தார்கள். அதில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் இருந்தன. ‘தலையணையைச் சற்று உயர்த்தவும்.’ ‘மிக்க நன்றி.’ ‘இன்று நலமாக உணர்கிறேன்.’ சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெட்டியை எடுக்கும்வரை திறக்கவில்லை.

எனவே கோகுலநாதன் தானே ஒரு கணினி கட்டினார். ரிச்சி தெருவில் மதர்போர்டிலிருந்து மின்விசிறி வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழைய லிஃப்டின் கண்ட்ரோல் பெட்டிக்குள் எல்லாவற்றையும் கோத்து, சிந்துஜாவின் தலையில் அறுபத்து நான்கு கம்பிகள் கொண்ட ஒரு வலையை மாட்டினார். அவள் மூளையில் ஓடுகிற சிக்னலுக்கும் அவள் நினைக்கிற சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மிஷின் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும். ஏழு மாதம் அது ஒன்றுமே சொல்லவில்லை. கோகுலநாதன் அதற்குச் சொல் பழக்குவதற்காகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காலை முதல் மாலைவரை பேசிக்கொண்டே இருந்தார். எட்டாவது மாதம் முதல் சொல் வந்தது.

“போதும்.”

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

ஒரே ஒரு குறை. இந்த வகைக் கணினிக்கு ‘நங்கூரம்’ என்ற ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் சட்டம் அனுமதித்தது. அதன் வீட்டுப் பதிப்பில் மரியாதைத் தமிழ் மட்டும்தான் உண்டு. ‘வாடா போடா’ வேண்டுமென்றால் தொழில்முறைப் பதிப்புக்குப் போகவேண்டும். கல்லூரிக் காலத்திலிருந்து அவரை ‘டேய்’ என்றே கூப்பிட்டுப் பழகியவள், அறுபத்தாறு வயதில் ‘முட்டாள் அவர்களே’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

லைசென்ஸ் விஷயமும் சட்டத்தோடு வந்ததுதான். யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் கட்டிய கணினியை வைத்துக்கொண்டு மாநிலத்தின் சிக்னல் விளக்குகளையெல்லாம் ஒரே நேரத்தில் பச்சையாக்கிவிட்டார். அதிலிருந்து வீட்டுக் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் உத்தரவாதியாக இருக்கவேண்டும் என்று வந்தது. மிஷினில் ஏழு உறுப்பு, மனிதரில் ஏழு உறுப்பு, மொத்தம் பதினான்கும் சேர்ந்து ஒரு ஜோடி என்று பதிவாகும். மனிதரின் ஏழு என்பது இரண்டு கண், இரண்டு முட்டி, இதயம், குரல்வளை, உள்ளங்கை. தினமும் காலையில் உத்தரவாதி ஒரு தகட்டில் உள்ளங்கையை வைத்தால்தான் மிஷின் அன்றைக்கு ஓடும்.

நங்கூரத்தை இன்ஸ்டால் செய்த அன்று ‘உத்தரவாதியின் பெயர்’ என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. கோகுலநாதன் தன் பெயரை எழுதினார். கேஸ் கனெக்‌ஷனில் எழுதினார், கரண்ட் கனெக்‌ஷனில் எழுதினார், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் எழுதினார். அதே கையோடு இதிலும் எழுதினார். யோசித்து எழுதவில்லை. யாரும் யோசித்து எழுதுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் நேராக ரிச்சி தெருவுக்குப் போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடிக் கடை வைத்திருந்த ஹபீபுல்லா, சால்டரிங் கோலைக் கீழே வைத்தார்.

“வாங்க சார். இன்னைக்கு எது செத்துச்சு?”

“இன்னும் சாகல பாய். இந்தத் தடவ நான்தான்.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஹபீபுல்லா விரலை மடக்கினார். “மிஷின்ல போன வருஷம் மதர்போர்டு மாத்தினோம். ஒண்ணு. ராம், ரெண்டு. கரண்ட் குடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்., மூணு. உங்க சைடுல?”

“ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து லென்ஸ் வெச்சது. வலது முட்டி.”

“ஆறு. பார்டர்ல நிக்கிறீங்க சார். ஹார்ட்டுல கை வெச்சா ஏழு. பதினாலுல ஏழு பாதியில்ல? பாதி மாறிட்டா அது பழைய ஜோடியே இல்லம்பான் நங்கூரம். லைசென்ஸ் அவுட்டு.”

“புதுசா இன்ஸ்டால் பண்ணி, புது லைசென்ஸ் போட்டா?”

“தாராளமா. அரை நாள் வேலை. ஆனா டிஸ்க்க மொத்தமா துடைச்சுட்டுத்தான் அவன் உள்ளயே வருவான். அண்ணி பேச்ச நாலு வருஷமா கத்துக்கிட்டது அத்தனையும் போயிடும். காப்பி எடுக்கலாம்னு பார்த்தா அதுக்கும் பூட்டு, அதே பழைய லைசென்ஸ் இருந்தாத்தான் தொறக்கும். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

அது முடியாது என்று கோகுலநாதனுக்குத் தெரியும். சிந்துஜாவின் சிக்னல் இப்போது முதல் வருடத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. பழகிய மிஷின் என்பதால் அவள் அரைச் சொல் நினைக்கும்போதே முழுச் சொல்லையும் பிடித்துக்கொள்கிறது. புதிதாக வருகிற எதற்கும் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

“இன்னொரு வழி இருக்கு,” என்றார் ஹபீபுல்லா. “பழைய பார்ட்ட திருப்பி மாட்டினா எண்ணிக்கை கொறையும். ஒண்ணு கொறைஞ்சா உங்க ஹார்ட்டுக்கு எடம் கெடைச்சிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ். எங்க?”

“காயலான் கடைக்குப் போட்டாச்சு.”

“மதர்போர்டு?”

“எரிஞ்சத நீங்கதான பார்த்தீங்க.”

“அப்ப உங்க சைடுல ஏதாவது தேறுமா பாருங்க. கண்ணுல எடுத்த பழைய லென்ஸ டாக்டரு குடுத்திருப்பாரே?”

“குடுக்கல பாய்.”

“கேட்டு வாங்கியிருக்கணும் சார்! கழட்டின பார்ட்ட கஸ்டமர் கையில குடுக்கிறதுதான மொறை. நீங்க மெக்கானிக்கா இருந்துட்டு இதப் போய் விட்டுட்டீங்களே.”

நியாயமான பேச்சு. முப்பத்தைந்து வருடத்தில் கோகுலநாதன் கழற்றிய ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் வந்ததில்லை. மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண், மூன்று வருடத்துக்கு முன் எடுத்த லென்ஸை இந்தப் பெரியவர் ஏன் கேட்கிறார் என்று கேட்கவில்லை. “அதை உடைச்சு உறிஞ்சித்தான் சார் எடுப்போம், மிச்சம் இருக்காது,” என்றாள். எலும்பு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்து, முட்டி எலும்பை முறைப்படி எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். தேதிகூடச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது கோகுலநாதனுக்கு ஒன்று தோன்றியது: தன்னில் கொஞ்சம் ஏற்கெனவே எரிந்துவிட்டது, தனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. தோன்றியது, அவ்வளவுதான். வருத்தமாக இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை உரிம மையத்துக்கு ஃபோன் செய்தார். திரையில் இருந்த நாற்பத்திரண்டு இலக்க ஜோடி எண்ணை ஆறாறாகப் பிரித்து வாசித்தார். எதிர்முனையில் இருந்த பெண் தன் பெயர் கயல் என்றாள்.

“ஒரு பொதுவான சந்தேகம் மேடம். எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு.”

“எல்லாரும் அப்படித்தான் சார் கேப்பாங்க. சொல்லுங்க.”

“உத்தரவாதி பேர சம்சாரம் பேருக்கு மாத்த முடியுமா?”

“உயிரோட இருக்கறவங்க பேர மாத்த முடியாது சார்.”

“செத்துட்டா?”

“செத்துட்டா பிரச்சனையே இல்ல சார்!” முதல்முறையாக அந்தக் குரலில் ஒரு மலர்ச்சி வந்தது. “ஆட்டோமேட்டிக்கா வாரிசுக்குப் போயிடும். முப்பது நாளுக்குள்ள டெத் சர்டிஃபிகேட்டும் வாரிசுச் சான்றிதழும் அப்லோட் பண்ணணும். மிஷின் ஒரு நாள்கூட நிக்காது. ஆனா ஒரு கண்டிஷன். இறக்கறப்போ ஜோடி செல்லுபடியா இருக்கணும்.”

“அதாவது பேஸ்மேக்கர் கீஸ்மேக்கர் எதுவும் வெக்காம...”

“ஆமா சார். ஒரிஜினலா இறக்கணும்.”

கோகுலநாதன் அதைக் குறித்துக்கொண்டார்.

“உங்க ஜோடிக்கு வர்ற இருபத்து மூணாம் தேதி வருடாந்திரச் சரிபார்ப்பு வருது சார். அதுவரைக்கும் எதையும் மாத்திடாதீங்க,” என்றாள் கயல். “உங்க ஃப்ரெண்டயும் உடம்பப் பார்த்துக்கச் சொல்லுங்க.”

கணக்கு சுலபமாகிவிட்டது. அவர் பிழைத்தால் சிந்துஜா ஊமை. அவர் போனால் சிந்துஜா பேசுவாள். லிஃப்ட் வேலையில் இப்படித்தான். ஒரு பக்கம் மேலே போகவேண்டுமென்றால் மறுபக்கம் எடைக்கல் கீழே இறங்கவேண்டும். எடைக்கல்லிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அவர் வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து, தேதி மட்டும் போடாமல் மற்றதையெல்லாம் நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தார். தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒரிஜினலாக இருப்பதில் ஒரு கவனம் வந்திருந்தது.

ஆனால் மிஷினின் திரை நாள் முழுக்க சிந்துஜாவின் கண் முன்னால்தான் இருக்கும். தகட்டில் அவர் உள்ளங்கையை வைத்ததும் ஓர் ஓரத்தில் நாடித்துடிப்பு வரும். அதை அவர் மறந்துவிட்டார்.

“காலை வணக்கம்,” என்றது மிஷின். சிந்துஜாவின் பழைய பதிவுகளிலிருந்து எடுத்த அவள் குரல்தான், சற்று ஜலதோஷம் பிடித்தது மாதிரி. “தாங்கள் இன்று முப்பத்தாறு.”

“மிஷின் தப்பாக் காட்டுது.”

“மிஷினைத் தாங்கள்தானே கட்டினீர்கள்?”

“அதனாலதான் சொல்றேன்.”

“சென்ற மாதம் ஐம்பத்தெட்டு. ஊரில் எல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது. தாங்கள் மட்டும் இறங்குகிறீர்கள். செவ்வாய்க்கிழமை காலை போனவர் மாலைவரை எங்கே இருந்தீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர் பருப்பை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.”

முப்பது வருடம் புகார் கேட்டவளிடம் மறைக்க முடியாது. எதிர்முனையில் ஆள் மூச்சு வாங்குகிற விதத்திலேயே குழாய் உடைந்ததா, பில் தப்பா என்று கண்டுபிடிக்கிறவள். கோகுலநாதன் நாற்காலியை இழுத்துப்போட்டு எல்லாவற்றையும் சொன்னார், முப்பத்தெட்டிலிருந்து எடைக்கல் கணக்கு, ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிற உறை வரை.

திரையில் சிக்னலின் கோடுகள் கொஞ்ச நேரம் சும்மா ஓடின.

“ஆக, என் வாய்க்கும் தங்கள் பெயரில்தான் பட்டா போட்டிருக்கிறீர்கள்.”

“எல்லா ஃபாரத்துலயும் அப்படித்தான எழுதுவோம். கை அதுவா எழுதிடுச்சு சிந்து.”

“கேஸ் சிலிண்டர், கரண்ட் மீட்டர், நான்.”

“இப்ப அதச் சொல்லி என்ன ஆவப்போவுது?”

“சரி. தாங்கள் செத்தால் நான் பேசலாம். அப்படித்தானே?”

“ஆமா. நிக்காம ஓடும். விசாரிச்சுட்டேன்.”

“யாரோடு?”

கோகுலநாதன் ஜன்னலைப் பார்த்தார். எதிர் மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“யாரோடயாவது. தகட்டுல உன் கைய எடுத்து வெக்கவும் ஃபோன் போட்டுக் குடுக்கவும் பக்கத்து வீட்ல சொல்லி ஏற்பாடு பண்றேன். உனக்கா ஆள் கெடைக்காது?”

“முட்டாள் அவர்களே, போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“அந்த ஏழு மாசம் இருந்து பார்த்துட்டேன். மறுபடி முடியாது.” இதைச் சொல்லும்போது அவர் குரல் ரேஷன் கடையில் அட்டை எண் சொல்கிற குரலாகத்தான் இருந்தது. “நீ பாட்டுக்குப் பார்த்துட்டே இருந்த. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன். இருக்கியா இல்லையான்னே தெரியல.”

“இருந்தேன். தாங்கள் பேசியது அத்தனையும் கேட்டேன். வேறு வழி?”

“அது எனக்குத் தெரியலயே.”

“இப்போது தெரிந்துவிட்டதல்லவா?”

அவர் எழுந்து போய்க் குக்கரை வைத்தார். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சிந்துஜா வேறு எல்லாவற்றையும் பேசினாள். அவர் வைத்த ரசத்தின் வாசனை நியாய விசாரணைக்கு உரியது என்றாள். தினமும் காலையில் எண்ணை மட்டும் வாசித்தாள். முப்பத்தைந்து. முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. மூன்றாவது மாடியில் ஒரு முறை உட்கார்ந்து ஏற ஆரம்பித்திருந்தார் அவர். பிறகு இரண்டாவதிலும் உட்கார்ந்தார்.

இருபத்து மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு மிஷினின் ஸ்பீக்கரில் கயலின் குரல் வந்தது.

“வணக்கம் சார். வருடாந்திரச் சரிபார்ப்பு. தகட்டுல கை வைங்க. ம். மாறின உறுப்பு ஆறு. ஓகே. நாடி கொஞ்சம் கம்மியா இருக்கு சார், ஆனா அதுக்கு எங்ககிட்ட விதி இல்ல. கடைசியா ஒரு ஃபார்மாலிட்டி. வீட்ல இருக்கற இன்னொரு பெரியவங்க சாட்சி சொல்லணும். அம்மா, கேக்குதா?”

“கேட்கிறது,” என்றாள் சிந்துஜா.

“இப்ப தகட்டுல கை வெச்சிருக்கறவர், நாலு வருஷம் முன்னாடி உத்தரவாதியாப் பதிவு பண்ண அதே கோகுலநாதன்தானா?”

ஒவ்வொரு வருடமும் கேட்கிற கேள்விதான். போன வருடம், ‘இவர்தான், திருப்பி எடுத்துக்கொள்வதாக இருந்தால் இன்றே அனுப்புகிறேன்’ என்றாள். அதற்கு முந்தின வருடம், ‘வேறு யாராவது இந்த மூக்கை வைத்துக்கொள்வார்களா?’ என்றாள். கோகுலநாதன் இந்த வருடத்துக்கு என்ன என்று காத்திருந்தார். சிரிக்கத் தயாராகக்கூட இருந்தார்.

“இல்லை,” என்றாள் சிந்துஜா.

“அம்மா?”

“இவர் அவர் இல்லை. இந்த மனிதரை எனக்குத் தெரியாது.”

கயல் தட்டச்சுவதை நிறுத்திய சத்தம் கேட்டது. “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாட்சி இல்லைன்னு சொன்னா ஜோடி இப்பவே ரத்தாகும். திரும்பத் தொறக்க முடியாது. நீங்க பேசறதும் இந்த மிஷின்லதான்னு ஸ்க்ரீன்ல இருக்கு.”

“யோசித்துவிட்டேன். இரண்டு வாரமாக யோசித்தேன். என் கணவர் வேறு. இவர் ஏதோ எடைக்கல். ரத்து செய்யுங்கள்.”

“மேடம், பொய் சொல்றா!” கோகுலநாதன் எழுந்தே விட்டார். “அவ எப்பவுமே இப்படித்தான் வெளயாடுவா. போன வருஷம் என்ன சொன்னான்னு பாருங்க, ரெக்கார்டு இருக்கும். நான்தான் மேடம். கையப் பாருங்க, நான்தான்.”

“சார், உங்க வார்த்தைய எடுத்துக்க முடியாது. இப்ப சந்தேகமே உங்க மேலதான்.”

“என் பொண்டாட்டி மேடம் அவ!”

“அத அவங்க சொல்லணும் சார்.”

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: ‘அறுபது வினாடி. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ளவும்.’

கோகுலநாதன் மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். நுகர்வோர் கோர்ட் என்றார். தன் பிறந்த தேதியைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், இடது முட்டி ஒரிஜினல்தான், வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். கயல் ஒவ்வொன்றுக்கும் “புரியுது சார்” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே புரிந்திருக்கலாம்.

“முடித்துவிட்டீர்களா?” என்றாள் சிந்துஜா. “பதினைந்து வினாடிதான் இருக்கிறது. எல்லாவற்றையும் அந்தப் பெண்ணோடு பேசித் தீர்த்துவிட்டீர்கள்.”

அவர் திரும்பினார். வாயைத் திறந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவளிடம் பதினைந்து வினாடியில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“சிந்து...”

“ஆஸ்பத்திரிக்கு அந்தப் பச்சைச் சட்டையில் போகாதீர்கள். அங்கே வேலை செய்கிறவர் என்று நினைத்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொல்லிவிடுவார்கள்.”

இன்னும் நான்கு வினாடி இருந்தது. இரண்டு பேரும் அதை உபயோகிக்கவில்லை. திரை சாம்பலாயிற்று. ‘இந்த ஜோடி செல்லாது’ என்று ஒரு வரி மட்டும் நின்றது. மின்விசிறி சத்தம் நின்றபோதுதான், அது நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது என்பதே தெரிந்தது.

அழவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மதிய மாத்திரை நேரமாகியிருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். ஒரு மணி நேரம் என்றார்கள், ஐம்பது நிமிடத்தில் முடித்தார்கள். டாக்டர் நிவேதிதா, பேஸ்மேக்கர் எப்படி இருக்கும் என்று கையில் ஒரு மாதிரியைக் காட்டினார். பழைய ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. மூன்றாவது நாள் வீட்டுக்கு வந்தார். நான்கு மாடியும் உட்காராமல் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் அது அவருக்கே பிடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து ஏறும்போது கொஞ்சம் தாமதமாகவாவது போய்ச் சேரலாம்.

கட்டில் அவளைத் திருப்பிப் போட்டிருந்தது. நாற்காலியை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். ஆபரேஷன் தியேட்டரில் பாட்டுப் போட்டார்கள், அதில் பாதியில் கரண்ட் போயிற்று, ஆனால் பாட்டு மட்டும் நிற்கவில்லை என்று சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் மயக்கத்தில் தன் நிலத் தகராறு முழுவதையும் சொன்னதைச் சொன்னார். சிந்துஜா பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். அதற்கு அர்த்தம் இருந்ததா, வெறுமனே இமைத்தாளா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹபீபுல்லா ஃபோன் செய்தார்.

“சார், சும்மா கெடக்கிற மிஷினு வீணாப்போயிடும். புதுசா ஏத்திடலாமா? கத்துக்குதோ இல்லையோ, ஓடட்டும்.”

“கத்துக்காது பாய்.”

“தெரியும் சார். ஆனா நிறுத்தி வெச்சா கண்டென்சர் போயிடும்.”

அது ஒரு காரணம்தான். கோகுலநாதன் நங்கூரத்தைப் புதிதாக ஏற்றினார். டிஸ்க்கைத் துடைக்கவா என்று மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆம் என்றார். பிறகு ‘உத்தரவாதியின் பெயர்’ என்று அந்தக் கட்டம் வந்தது. ‘கோ’ என்று அடித்த பிறகுதான் கையைக் கவனித்தார். அழித்துவிட்டு ‘சிந்துஜா’ என்று எழுதினார். அவள் உள்ளங்கையை எடுத்துத் தகட்டின்மேல் வைத்து, நழுவாமல் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடத் தொடங்கியது. தலையில் வலையை மாட்டினார்.

திரையில் கோடுகள் ஓடின. மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் தெருமுனையில் தண்ணீர் லாரி மாட்டிக்கொண்ட கதையை அதற்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

வாயால் பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணி, மனைவி உண்டா என்பதை உரிம மையத்தின் சாட்சிப் பதிவிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்த வீட்டில் குடியிருப்பவர் ஒருவர்: கோகுலநாதன், வயது எழுபத்தொன்று, திருமணமாகாதவர்.